சாம்பார் மேல பழியைப் போடாதீங்க... கவுட் வலிக்கான காரணத்தை உங்க செல்போனே காட்டும்!

ராத்திரி நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது கால் கட்டைவிரல் மூட்டில் திடீரென ஒரு வலி. போர்வை உரசினாலே உயிர் போகும். விடிந்ததும் பார்த்தால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். அடிபடவில்லை, சுளுக்கவும் இல்லை. 'கவுட்' பிரச்னை உள்ளவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வலி ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும், ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கியும் விடும். அடங்கியதும் எல்லாம் மறந்துபோகும். நான்கு மாதம் கழித்து, "கடைசியா எப்போ வந்துச்சு? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டால், "தீபாவளிக்கு முன்னாடியா... இல்ல, பின்னாடியா?" என்று பக்கத்தில் இருக்கும் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்போம். கையில் இருக்கும் செல்போன் உதவுவது இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் இரண்டு வரி அறிவியல். யூரிக் ஆசிட் என்பது உடலில் தினமும் உருவாகும் கழிவு. சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாதபோது ரத்தத்தில் சேரும். ஒரு டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படியும். அந்தப் படிகங்களை உடல் எதிர்த்துச் சண்டை போடுவதுதான் நாம் உணரும் வலி.

படிகம் சேர்வது வருடக்கணக்கில் நடக்கும் வேலை. ஆனால், வலியைக் கிளப்பிவிடும் காரணம் பெரும்பாலும் முந்தைய ஓரிரு நாள்களில் இருக்கும்.

நல்ல நாளையும் எழுதுங்க!

எங்கள் பெரியப்பா ஒரு வருடம் சாம்பாரையே தொடவில்லை. யாரோ, 'பருப்புதான் காரணம்' என்று சொல்லிவிட்டார்கள். வலி என்னவோ நின்றபாடில்லை. வெறுத்துப்போய் சாம்பாருக்கே திரும்பிவிட்டார். பிறகு அவர் மகள் ஒரு வேலை செய்தாள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே மெசேஜ் அனுப்பும் வசதி இருக்கிறதல்லவா, அதை அவருக்குப் பழக்கினாள். தினமும் ராத்திரி ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். டைப் செய்யும் தொல்லையும் இல்லை.

ஐந்து மாதத்தில் மூன்று முறை வலி. மூன்றுக்கும் முந்தைய இரண்டு நாள்களைக் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறை, வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் செய்த நீண்ட பஸ் பயணம். ஒருமுறை, கல்யாண வீட்டில் மட்டனோடு பீர். சாம்பார்? அது வலி வந்த வாரத்திலும் இருந்தது, வராத வாரத்திலும் இருந்தது.

வலி வந்த நாளை மட்டும் எழுதியிருந்தால் சாம்பார் இன்றும் குற்றவாளிதான். சும்மா இருந்த நாள்களையும் எழுதியதால் தப்பித்தது.

ஆராய்ச்சியாளர்களும் இதையேதான் செய்தார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, கவுட் உள்ள 633 பேரை இணையம் வழியாகவே ஓராண்டு பின்தொடர்ந்தது. வலிக்கு முந்தைய இரண்டு நாள்களில் சாப்பிட்டதையும், வலியே இல்லாத காலத்தின் இரண்டு நாள்களில் சாப்பிட்டதையும் ஒப்பிட்டார்கள். 2012-ல் வெளியான முடிவு இது: யூரிக் ஆசிட்டை உருவாக்கும் ப்யூரின் மிக அதிகமாக உள்ளே போன நாள்களில், மிகக் குறைவான நாள்களைவிட வலி வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதிலும் அசைவத்தின் பங்குதான் பெரிது. 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான மற்றோர் ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கவுட் ஆபத்தைக் கூட்டின. ப்யூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை.

ஈரல், மத்தி, நெத்திலி, மது, இனிப்பு சேர்த்த குளிர்பானம்... இவற்றின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

எதையெல்லாம் பதிய வேண்டும்?

நிறைய எழுத ஆசைப்பட்டால் நான்காவது நாளே நிறுத்திவிடுவோம். எவ்வளவு தண்ணீர், அசைவமோ மதுவோ உண்டா, மாத்திரை போட்டாச்சா, வலி பத்துக்கு எத்தனை... இவ்வளவு போதும். வலி வந்தால், தொடங்கிய நேரத்தையும் எந்த மூட்டு என்பதையும் சொல்லிவிட்டு, வீக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள். நள்ளிரவு முதல் காலை 8 மணி வரைதான் வலி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், போன் தலைமாட்டில் இருப்பது நல்லது. (ரீல்ஸ் பார்க்க அல்ல!)

தனி ஆப்தான் வேண்டும் என்றில்லை. இன்ஸ்டால் செய்தால், மூட்டு வலியைக் குறிக்க உங்கள் கான்டாக்ட்ஸ் எதற்கு என்று ஒருமுறை யோசித்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

மாத்திரை விஷயம்தான் மிக முக்கியம். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோப்யூரினால் போன்ற மாத்திரைகளைத் தொடங்கிய முதல் சில மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது வலி அடிக்கடி வரலாம். 'மாத்திரை போட்டும் வலிக்குதே' என்று பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். நிறுத்தினால் படிகம் மறுபடி சேரும், மூட்டு நிரந்தரமாகச் சிதையவும் கூடும். பதிவு இருந்தால், முதல் மூன்று மாதத்தில் மூன்று முறை வந்த வலி, அடுத்த ஆறு மாதத்தில் ஒருமுறைதான் வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால், இந்த மாத்திரையால் தோலில் தடிப்பு வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பொதுவாக இலக்கு 6-க்குக் கீழ். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த டெஸ்ட்டில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வரலாம், அதை நம்பி 'கவுட் இல்லை' என்று முடிவு செய்ய முடியாது.

முதல்முறை இப்படி வலி வருகிறது, அல்லது வீங்கிய மூட்டோடு காய்ச்சலும் இருக்கிறது என்றால், பதிவெல்லாம் பிறகு. அது மூட்டுக்குள் கிருமித்தொற்றாகவும் இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி வழக்கமான செக்கப்புக்குப் போகும்போது, ஐந்து மாத வாய்ஸ் மெசேஜையும் டாக்டர் முன் ஓடவிடாதீர்கள். வலி வந்த தேதிகள், அதற்கு முந்தைய இரண்டு நாள்கள், போடும் எல்லா மாத்திரைகளின் அட்டை போட்டோ... இது போதும். பி.பி-க்காகப் போடும் மாத்திரையைக் காட்ட மறக்காதீர்கள். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் சில பி.பி மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றிவிடும். அதை மாற்றலாமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.