உறக்கத்தில் மூச்சுத் தடை: எல்லைத் தமிழர்களுக்குத் தேவை கருவியும் கால அவகாசமும்

புது தில்லி: உறக்கத்தில் மூச்சு தடைபடும் "ஸ்லீப் ஆப்னியா" நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆனால், அதற்குப் பழகச் சில வாரங்கள் பொறுமை வேண்டும். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்ட எல்லைப் பகுதிகளில் வாழும் உழைக்கும் தமிழர்களுக்கு அந்தப் பொறுமையே பெரும் செலவாகிறது.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைப்பதே இந்நோய். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதால் மூளை அடிக்கடி விழித்துக் கொள்கிறது. இரவில் பலத்த குறட்டை, பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். உழைக்கும் வயதினரில் சுமார் 10.4 கோடி இந்தியர்களுக்கு இந்நோய் இருக்கலாம் என தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் மதிப்பிட்டனர்.

வாளையாறு வழியே சரக்கு லாரி ஓட்டுவோருக்கும், தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு மலைச் சாலைகளில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களுக்கும் ஒரு நொடி கண்ணயர்வுகூட உயிருக்கு ஆபத்து.

முகமூடி வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் "சிபாப்" கருவியே இதற்கு முதன்மைச் சிகிச்சை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் 1981-ல் இதனை உலகுக்கு அறிவித்தனர். தொடக்கத்தில் மூக்கடைப்பு, வாய் உலர்தல், காற்றுக் கசிவு, மூச்சு முட்டும் உணர்வு ஆகியவை ஏற்படலாம். பகலில் விழித்திருக்கும்போது சிறிது நேரம் முகமூடி அணிந்து பழகுவது, முகத்துக்கேற்ற அளவைத் தேர்வது, காற்றை ஈரப்படுத்துவது போன்றவற்றால் இவற்றைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.

பாதியில் கைவிட்டால் பலன் குறையும். இந்தியா உள்பட 7 நாடுகளில் நடைபெற்று 2016-ல் வெளியான ஆய்வில், நோயாளிகள் கருவியைப் பயன்படுத்தியது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. மாரடைப்பு, பக்கவாதம் குறைந்ததாக அதில் தெரியவில்லை. எனினும் பகல் தூக்கம் குறைந்தது. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், முதல் 3 மாதங்களுக்குள் தொடர்ச்சியான 30 நாள்களில், 70 சதவீத இரவுகளிலாவது 4 மணி நேரம் பயன்படுத்தியிருந்தால் மட்டுமே கருவிக்குத் தொடர்ந்து பணம் தருகிறது. அதாவது, பழகுவதற்கென அவகாசம் திட்டத்திலேயே உள்ளது.

இங்கு நிலைமை வேறு. மத்திய அரசு ஊழியர்கள், எம்.பி.க்கள் ஆகியோருக்கான மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் கருவியின் விலை வரம்புக்கு உள்பட்டுத் திரும்பத் தரப்படுகிறது. ஏழைகளுக்கான ஆயுஷ்மான் பாரத் திட்டமோ உள்நோயாளி சிகிச்சையை மையமாகக் கொண்டது. வீட்டில் இரவுதோறும் பயன்படுத்தும் கருவி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

முகமூடி பொருந்தவில்லை என்றால் கோவைக்கோ, தேனிக்கோ, கோட்டயத்துக்கோ செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். மலையாளத்தில் தரப்படும் விளக்கம் புரியாவிட்டால் கருவி மூலைக்குச் சென்றுவிடும். கருவிக்கு உதவித்தொகை, முதல் 3 மாதங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் தமிழில் ஆலோசனை ஆகிய இரண்டையும் மத்திய, கேரள அரசுகள் சேர்த்தே வழங்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராது.