களம்புகும் புதியவர்

நுழையும்முன்

திறன்பேசித் திரையில் முகமறியாத நால்வரோடு ஓர் அணியாகச் சேர்ந்து ஆடுவது இன்றைய இளையோர்க்கு இயல்பான பொழுதுபோக்கு. அத்தகைய அணியில் முதன்முதலாகச் சேரும் ஒருவர் எவ்வாறு கற்றுக்கொள்கிறார்? கற்கும்போது அவர் செய்யும் பிழைகளின் இழப்பை யார் ஏற்கின்றனர்? காணொலி விளையாட்டு, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில், சதுரங்கம் ஆகிய மூன்று களங்களின் வழியே இவ்வினாக்களுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

தனியாட்டமும் அணியாட்டமும்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்னும் விளையாட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் ஆடக் கற்பிப்பது. தொடக்கத்தில் மரியோ திரையின் இடப்பக்கம் நிற்பான். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். எனவே, ஆடுபவர் தாமாகவே அவனை வலப்பக்கம் நகர்த்துவார். சில நொடிகளில் சிறிய பகையுருவம் ஒன்று எதிரே வரும். தாண்டிக் குதித்தால் பிழைக்கலாம். மோதினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இழப்பு சில நொடிகளே. அந்த இழப்பும் ஆடுபவர் ஒருவருக்கே உரியது.

பலர் கூடி ஆடும் விளையாட்டின் இயல்பு வேறு. ‘டோட்டா 2’, ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ போன்றவற்றில் ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களிலிருந்து ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் தனித்தனி ஆற்றல்கள் உண்டு. எந்த ஆற்றலை எந்த ஆற்றல் தடுக்கும் என்பதை அறியவே பல மாதங்கள் ஆகும். ஓர் ஆட்டம் அரைமணி நேரமோ அதற்கு மேலோ நீளும்; இடையில் விலகுவது அணிக்கு இழைக்கும் தீங்காகக் கருதப்படும்.

இங்கே புதியவர் ஒருவர் வீழ்ந்தால், வீழ்த்திய எதிரிக்குப் பொன்னும் வலிமையும் சேர்கின்றன. அவ்வெதிரி அடுத்து மற்ற நால்வரையும் முன்னிலும் எளிதாகத் தாக்குவார். ஒருவரின் அறியாமைக்கு ஐவர் விலை கொடுக்கின்றனர். ஆகவேதான் பழகிய ஆட்டக்காரர்கள் சினம் கொள்கின்றனர். புதியவரோ வசைச்சொற்களைக் கேட்டு மனம் வெதும்பி, இரண்டாம் நாளே விலகிவிடுகிறார்.

பழகியவரின் சினம் முற்றிலும் காரணமற்றதன்று. அவருடைய அரைமணி நேர உழைப்பு வீணாகிறது. புதியவரின் தடுமாற்றமும் குற்றமன்று. ஆடாமல் ஆட்டம் கற்க இயலாது. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால், இச்சிக்கலை அறிவுரையால் மட்டும் தீர்க்க முடியாது. கற்பவரின் பிழைக்கான விலையைக் குறைப்பதும், அதனைப் பலரும் தாங்கும்படி பகிர்வதுமே இதற்குரிய வழியாகும். கூட்டாகச் செய்யும் தொழில்களும் இதே சிக்கலைச் சந்தித்துள்ளன.

பவர்டேபிள் காட்டும் வழி

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியில் இந்தியாவில் முதலிடம் பெற்ற நகரமாகும். அங்கு உருவாகும் ஒரு டீசர்ட், தனியொருவரின் கைவேலையன்று. நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் எனப் பல நிலைகளைக் கடந்தே அது பெட்டிக்குள் செல்கிறது. தையலுக்குள்ளும் தோள் இணைப்பவர், கழுத்துப்பட்டி வைப்பவர், கை ஏற்றுபவர், அடிமடிப்பவர் எனப் பணிகள் பிரிகின்றன. ஓரிடத்தில் வேலை தேங்கினால் அடுத்த இடத்திலுள்ளவர் வெறுங்கையோடு காத்திருக்க நேரிடும்.

இத்தகைய வேலையில் புதிதாகச் சேர்பவரை முதல் நாளே ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்த்துவதில்லை. பனியன் கம்பெனிகளில் ‘கைமடி’ என்றொரு நிலை உண்டு. டெய்லருக்கு அருகில் நின்று, வெட்டிய துண்டுகளை அடுக்கி எடுத்துக் கொடுப்பதும், தைத்தவற்றைப் பிரித்து அடுக்குவதும், நூல் பிசிறு வெட்டுவதும் கைமடியின் பணிகள். பார்ப்பதற்கு எளிய இப்பணிக்குள் ஒரு பள்ளிக்கூடமே அடங்கியுள்ளது. துணியின் முகப்பக்கம் எது, புறப்பக்கம் எது, எந்தத் துண்டு எதனோடு சேரும், தையல் எங்கே வளைகிறது என்பவற்றையெல்லாம் கைமடி நாள்தோறும் காண்கிறார். இயந்திரம் ஓய்ந்திருக்கும் வேளையில் கழிவுத் துணியில் தைத்துப் பழகலாம். பின்னர் நேர்த்தையல் கைக்கு வரும். இழுவை ஒரே சீராக இருக்க வேண்டிய கழுத்துப்பட்டி போன்ற வேலை அதற்கும் பின்னரே.

கைமடி நிலையின் சிறப்புகள் மூன்று. முதலாவது, அது பயனற்ற பயிற்சியன்று. அணிக்குத் தேவையான உண்மையான பணி. இரண்டாவது, அதில் நேரும் பிழை சிறியது, உடனே திருத்தத்தக்கது. மூன்றாவது, கற்பவர் தேர்ந்தவரின் கையை மிக அருகிலிருந்து காண்கிறார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருவோர்க்குத் தமிழும் புதிது. அவர்களுக்குச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவதே விரைவில் புரிகிறது.

ஆயினும், இம்முறையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கைமடி பின்தங்கினால் டெய்லரும் பின்தங்குவார். துண்டுக்கு இவ்வளவு எனக் கணக்கிடும் பீஸ் ரேட் முறையில், அந்தத் தாமதம் சனிக்கிழமைக் கூலியில் தெரியும். பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும் டெய்லர், தம் கூலியில் ஒரு பகுதியை இழந்தே அதனைச் செய்கிறார். கற்பித்தலுக்கு ஒரு விலை உண்டு என்பதும், பெரும்பாலும் அதனைக் கற்பிப்பவரே தருகிறார் என்பதும் இங்குத் தெளிவாகின்றன. இவ்விலையைக் குறைப்பதற்கு விளையாட்டுக் களங்கள் கண்ட வழிகள் எண்ணத்தக்கவை.

நிகரானவரோடு மோதுதல்

முதல் வழி, புதியவரைப் புதியவரோடு மோதவிடுவது. இதற்கு ஒவ்வொருவரின் திறனையும் எண்ணால் அளக்க வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அர்பாத் ஈலோ, சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக இத்தகைய அளவீட்டு முறை ஒன்றை வகுத்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதனை 1970இல் ஏற்றுக்கொண்டது. இம்முறையில் 400 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர், 11 ஆட்டங்களில் ஏறத்தாழ 10 ஆட்டங்களுக்குரிய வெற்றிப்புள்ளியைப் பெறுவார் என எதிர்பார்க்கப்படுகிறது. வலியவரை வென்றால் புள்ளிகள் மிகுதியாகவும், எளியவரை வென்றால் குறைவாகவும் கூடும். பலர் ஆடும் காணொலி விளையாட்டுகள் பல, இக்கருத்தின் அடிப்படையிலேயே நிகரான ஆட்டக்காரர்களைத் தேடி இணைக்கின்றன.

இவ்வேற்பாட்டைக் குலைப்போரும் உளர். தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் புதிய கணக்கொன்றைத் தொடங்கி, புதியவர்போல நுழைந்து, உண்மையான புதியவர்களை எளிதில் வீழ்த்தி மகிழ்கின்றனர். இதனை ‘ஸ்மர்ஃபிங்’ என்பர். இதில் வெல்பவர் புதிதாக எதையும் கற்பதில்லை. தோற்பவரும் தம் பிழை யாதென அறிவதில்லை.

இழப்பைச் சிறிதாக்குதல்

இரண்டாம் வழி, தோல்வியின் விலையைக் குறைப்பது. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்கக் கழகத்தை இதற்குச் சான்றாகக் கூறலாம். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இக்கழகத்தில், சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே பலகையில் விரைவாட்டம் ஆடினர். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். வரிசையில் நின்று மீண்டும் வரலாம். சில நிமிடங்களில் ஓர் ஆட்டம் முடிவதால், தோல்வி எவரையும் அஞ்சவைக்கவில்லை. அங்கு ஆடிப் பழகிய சிறுவருள் ஒருவரான விசுவநாதன் ஆனந்த், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டு, கற்பதற்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்று. அதில் அழிந்த விண்கலம் திரும்பக் கிடைக்காது. மீண்டும் பொருளீட்டியே மற்றொன்று வாங்க வேண்டும். புதியவர்கள் பெருமளவில் திணறியதைக் கண்ட ஆட்டக்காரர்கள், 2004இல் தாமே ‘ஈவ் பல்கலைக்கழகம்’ என்னும் அமைப்பை விளையாட்டினுள் உருவாக்கினர். அங்கு வகுப்புகள் நடைபெறுகின்றன. குழுவாகப் பறக்கும் பயிற்சியும் உண்டு. இழந்தால் தாங்க முடியாத கலத்தில் ஏறாதே என்பது அவ்விளையாட்டில் புதியவர்க்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் அறிவுரை. மலிவான கலங்களை இழந்து இழந்தே புதியவர் போர் பழகுகிறார். திருப்பூரின் கழிவுத் துணி செய்யும் வேலையை இங்கு மலிவான கலம் செய்கிறது.

கற்பிப்பவருக்கும் பயன்

மூன்றாம் வழி, புதியவரின் வருகையையே அணிக்கு ஊதியமாக்குவது. ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ 2010இல் வெளிவந்து தோல்வியுற்றது. முற்றிலும் புதுப்பிக்கப்பட்டு 2013இல் மீண்டும் வந்தது. இவ்விளையாட்டில் புதியவரின் பெயரருகே முளைவிட்ட செடியின் சின்னம் தோன்றும். வழிகாட்டும் தகுதி பெற்றோர்க்கு மகுடச் சின்னம் உண்டு. குழுவாகச் செல்லும் ஒரு களத்தை முதன்முறையாக முடிப்பவர் அக்குழுவில் இருந்தால், உடன் சென்ற அனைவர்க்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். இதனால், “புதியவரா? நேரம் வீண்” என்று எண்ணியவர்கள்கூட முளைச்சின்னத்தைக் கண்டு மகிழத் தொடங்கினர். மனிதர்களின் குணத்தை மாற்ற முயலாமல், கற்பிப்பவருக்கு நேரும் இழப்பை விதியின் மூலம் ஈடுசெய்தது இவ்விளையாட்டு.

பரிசு இல்லாத இடத்திலும் கற்பிப்போர் உண்டு. ஆனந்த் 2020 திசம்பரில் இளம் ஆட்டக்காரர்களுக்கான சதுரங்கப் பயிற்சி அமைப்பில் வழிகாட்டியாகப் பொறுப்பேற்றார். அவரிடம் பயின்றவர்களுள் குகேஷும் ஒருவர். 2023 செப்டம்பர்த் தரவரிசையில், 37 ஆண்டுகளாக இந்தியாவின் முதலிடத்தில் இருந்த ஆனந்தைக் குகேஷ் முந்தினார். 2024 திசம்பர் 12 அன்று, 18 வயதில் உலகப் பட்டத்தையும் வென்றார். கற்பிப்பவர் கொடுக்கும் விலைகளுள் மிகப் பெரியது, தம் இடத்தையே மாணவருக்கு விட்டுக்கொடுக்க நேர்வது. அவ்விலையை மனமுவந்து கொடுப்போர் இருப்பதால்தான் கலைகள் வாழ்கின்றன.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்ஷா உருவாக்கத் தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ என்னும் விளையாட்டு, பலர் கூடி ஆடும் கணினி உலகங்களின் முன்னோடியாகும். அதில் படங்கள் இல்லை, அனைத்தும் எழுத்துகளே. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டுகளைத் தனியே ஏற்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025இல் இயற்றியது.

சொல்லும் முறை

விதிகள் எவ்வளவு செம்மையாக இருப்பினும், ஆட்டத்தின் நடுவே புதியவரின் காதில் விழுவது உடன் ஆடுபவரின் சொல்லே. அச்சொல் எத்தகையதாக இருக்க வேண்டும்?

ஒரு நேரத்தில் ஒன்றையே சொல்ல வேண்டும். நூறு பாத்திரங்களின் ஆற்றல்களையும் ஒருங்கே விளக்குவது, கைமடியாக வந்தவருக்கு முதல் நாளே எல்லா இயந்திரங்களையும் விளக்குவதற்கு ஒப்பாகும். “என்னுடனேயே வா, நான் தாக்கும்போது நீயும் தாக்கு” என்பது முதல் ஆட்டத்திற்குப் போதுமானது. அது புதியவருக்கு ஒரு பணியைத் தருகிறது. அப்பணி அணிக்கும் பயன்படுகிறது.

நடந்ததைப் பழிப்பதைவிட நடக்க வேண்டியதைச் சொல்வது நன்று. “ஏன் செத்தாய்?” என்னும் வினாவுக்குப் புதியவரிடம் விடை இராது. “அடுத்த முறை, வரைபடத்தில் எதிரிகள் ஐவரும் தெரிகிறார்களா என்று பார்த்துவிட்டு முன்னே செல்” என்பது, அவர் உடனே கைக்கொள்ளத்தக்க சொல். மொழி தெரியாதவராயின், வரைபடத்தில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டும் குறியீடே போதும். விரிவான பேச்சை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வினாவை மூன்றாம் முறை கேட்டாலும் விடையளிக்க வேண்டும். தேர்ந்தவருக்குக் கைகள் தாமே இயங்குவதால், தாம் கற்ற காலத்தில் எது கடினமாக இருந்தது என்பது மறந்துபோகிறது. புதியவரின் வினா அதனை நினைவூட்டுகிறது. பிறருக்கு விளக்க முயலும்போது, தாம் பழக்கத்தால் செய்துவந்த ஒன்றன் காரணத்தைத் தேர்ந்தவரும் முதன்முறையாக உணர்வதுண்டு.

புதியவரைக் காப்பதும் உதவியின் ஒரு பகுதியாகும். வழிகாட்டுவதாகக் கூறிக் கடவுச்சொல்லையோ பணத்தையோ கேட்பவர் வழிகாட்டி அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழ வேண்டும் என்பதையும் பழகியவரே செய்து காட்டலாம்.

ஓர் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது என்பதைத் தரவரிசைப் பட்டியல் காட்டும். அவ்வணியில் நேற்றுச் சேர்ந்த புதியவர் இன்றும் வந்தாரா என்பதை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை. ஆனால், அடுத்த ஆண்டும் அங்கே ஓர் அணி இருக்குமா என்பதை முடிவுசெய்வது அதுவே.