தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் மெக்னீசியம் கார்பனேட்

ஜிம்னாஸ்டிக் வீரர்கள் கை வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் மெக்னீசியம் கார்பனேட். பாடநூலில் ஒரே பெயரில் வரும் இந்தப் பொருள், இயற்கையில் பல கனிமங்களாகக் கிடைக்கிறது. அவற்றுள் பலவற்றின் படிகத்துக்குள்ளேயே நீர் மூலக்கூறுகள் இருக்கும்.

ஏன் நீர் உள்ளே வருகிறது?

மெக்னீசியம் அயனி சிறியது. அதன் மின்னூட்டம் நேர் 2. அதனால் தண்ணீரில் 6 நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் அயனி பெரியது, அதன் பிடி தளர்வு. ஆகவே கால்சியம் கார்பனேட் சாதாரண வெப்பநிலையிலேயே நீரின்றிப் படியும். மெக்னீசியத்தால் நீரை எளிதில் விட முடியாது. நீரோடு சேர்ந்தே படிகமாகிறது.

உருமாறும் படிகள்

1. லான்ஸ்ஃபோர்டைட்: ஏறக்குறைய 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே, குளிரில் உருவாகும். ஒரு மெக்னீசியத்துக்கு 5 நீர் மூலக்கூறுகள்.
2. நெஸ்கிஹோனைட்: அறை வெப்பநிலையில் உருவாகும். 3 நீர் மூலக்கூறுகள்.
3. ஹைட்ரோமேக்னசைட்: ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேல் விரைவாக உருவாகும். இதில் ஹைட்ராக்சைடும் உண்டு.
4. மேக்னசைட்: நீரே இல்லாதது, மிக நிலையானது. ஆனால் 100 டிகிரிக்கும் மேல் சூடாக்கினால்தான் ஆய்வகத்தில் சீக்கிரம் கிடைக்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். மேக்னசைட்தான் மிக நிலையானது என்றால், அது ஏன் முதலில் உருவாவதில்லை? நிலையானது வேறு, எளிதில் உருவாவது வேறு. நிலை குறைந்த பொருள் முதலில் தோன்றி, பிறகு படிப்படியாக மாறுவது இயற்கையில் அடிக்கடி நடக்கும். வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1897-இல் கூறிய படிநிலை விதி இதுதான்.

இதைத் தெரிந்து என்ன பயன்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில், அரைத்துக் கொட்டிய பாறைக்கழிவு ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 டன் கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து எடுத்துக் கனிமமாக்கியதாகக் கணக்கிடப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் வாயு எந்தக் கனிமத்தில் தங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 5 மூலக்கூறு நெஸ்கிஹோனைட் சேர்ந்து 1 மூலக்கூறு ஹைட்ரோமேக்னசைட் ஆகும்போது, 10 நீர் மூலக்கூறுகளோடு 1 கரியமிலவாயு மூலக்கூறும் வெளியேறும். இருந்த 5 கார்பனேட்டில் 4 மட்டுமே மிஞ்சும். ஐந்தாவதின் இடத்தில் 2 ஹைட்ராக்சைடு. அதாவது, சேமித்த வாயுவில் 20 விழுக்காடு போய்விடுகிறது! நெஸ்கிஹோனைட்டை மட்டும் அளந்துவிட்டு "இவ்வளவு சேமித்தோம்" என்று சொல்வது அவசர முடிவு.

ஹைட்ரோமேக்னசைட் உறுதியானது. கனடாவின் அட்லின் பகுதியில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கிறது.

பயிற்சி: 100 மோல் நெஸ்கிஹோனைட் முழுவதும் ஹைட்ரோமேக்னசைட்டாக மாறினால் எத்தனை மோல் கரியமிலவாயு வெளியேறும்? விடை 20. விடையை மட்டும் எழுதாமல், ஹைட்ராக்சைடு ஏன் வந்தது என்பதையும் இரண்டு வரியில் விளக்கிப் பழகுங்கள், மாணவர்களே.