சைனஸ் அறுவைச் சிகிச்சையில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும் மருந்துகள்

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளினுள் காற்று நிறைந்த அறைகள் சில உண்டு. சைனஸ் எனப்படும் இவ்வறைகளில் நாட்பட்ட அழற்சியோ சதை வளர்ச்சியோ ஏற்பட்டு, மருந்துகளால் குணமாகாவிடின், மூக்கின் வழியே எண்டோஸ்கோப் என்னும் மெல்லிய கருவியைச் செலுத்தி அறுவைச் சிகிச்சை செய்கின்றனர். கருவியின் முனையில் ஒரு துளி இரத்தம் படிந்தாலும் நிபுணருக்குக் காட்சி மறைந்துவிடும். அவர் வேலை செய்யும் இடத்திற்கும் கண்குழிக்கும் இடையே இருப்பது தாள் போன்ற எலும்புச் சுவரே, மேற்புறத்தில் மூளை. காட்சி மறைந்த வேளையில் கருவி சிறிது விலகினும் பார்வையே பறிபோகக்கூடும். ஆதலால் மயக்க மருந்து நிபுணர் இரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே ஓரளவு தாழ்த்தி வைக்கிறார்.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1917-லேயே இதை எடுத்துரைத்தார். 1950-ல் இங்கிலாந்தில் எண்டர்பி என்பார் மருந்துகளாலும் உடலைச் சாய்த்து வைப்பதாலும் இதனைச் செய்து காட்டினார்.

அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. சோடியம் நைட்ரோபுருஸைடு இரத்தக் குழாய்களை விரியச் செய்து அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. ஆனால் மூக்கின் சவ்விலுள்ள நுண்குழாய்களும் விரிகின்றன. இழப்பை ஈடுசெய்ய இதயமும் விரைந்து துடிக்கிறது. விளைவு யாதெனில், மானியில் எண் இறங்கியும் கசிவு ஓய்வதில்லை. மேலும், அளவு மிகுந்தால் இம்மருந்திலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். எஸ்மலால் வேறு வழியில் செல்கிறது. இதயத் துடிப்பைத் தணித்து, வெளிப்படும் இரத்தத்தின் அளவைக் குறைக்கிறது, குழாய்களை விரிப்பதில்லை. 1995-ல் இவ்விரண்டையும் ஒப்பிட்டு வெளியான ஆய்வில், எஸ்மலாலைக் கொண்டு அழுத்தத்தை அதிகம் தாழ்த்தாமலேயே தெளிவான காட்சி கிட்டியது.

புரோபோஃபாலையும் ரெமிஃபெண்டானிலையும் சிரை வழியே செலுத்தும் முறையைப் பலர் விரும்புவதற்கும் இதுவே காரணம். முகர்ந்து மயங்கும் ஐசோஃபுளுரேன் போன்றவை குழாய்களை விரிக்கும் இயல்புடையன. எனினும் இவற்றிடையே வேறுபாடு பெரிதென்று எல்லா ஆய்வுகளும் கூறவில்லை. டெக்ஸ்மெடிடோமிடின் துடிப்பை நன்கு தணிக்கும். ஆனால் நோயாளி விழித்தெழத் தாமதமாகலாம்.

எவ்வளவு தாழ்த்தலாம்? 120/80 என்னும் அழுத்தத்தின் சராசரி ஏறத்தாழ 93 மில்லிமீட்டர் பாதரசம். உடல்நலமுடையோரில் இதனை 60 முதல் 70 வரை இறக்குவது வழக்கம். இங்கு ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும்; ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் எடுத்துக்காட்டலாம். சிரைகளில் இரத்தம் தேங்காதிருக்கத் தலைப்பக்கத்தை உயர்த்துகின்றனர். உயரம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அழுத்தம் சுமார் முக்கால் மில்லிமீட்டர் குறையும். மூளை 20 சென்டிமீட்டர் மேலிருந்தால், இதய மட்டத்தில் 60 எனக் காணும்போது மூளையில் 45 தான் இருக்கும்! நாட்பட்ட இரத்தக் கொதிப்பு உடையோருக்கு இது பேராபத்து. இதய நோய், மூளைக்குச் செல்லும் குழாய் அடைப்பு, கடும் இரத்த சோகை உடையோருக்கும் இம்முறை பொருந்தாது.

நல்ல மருந்தும் இடமறியாது கையாளப்பட்டால் தீதாகும். மூக்கில் தடவும் ஃபீனைலெஃப்ரின் குழாய்களைச் சுருக்கி, சிலருக்கு அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். அப்போது எஸ்மலால் இனத்து மருந்தைக் கொடுத்ததால், சுருங்கிய குழாய்களை எதிர்த்து இயங்க இயலாது இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்த நிகழ்ச்சிகள் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் இதுபற்றி ஆராய்ந்த குழுவின் வழிகாட்டுதல் 2000-ல் வெளியாயிற்று.

கிராமங்களில் பணிபுரிவோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அறுவைக்குச் செல்வோர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதிக் கொடுத்தனுப்புக. கொதிப்பு மாத்திரைகளை, குறிப்பாகக் குளோனிடினையும் அட்டெனலால் வகையையும், மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. திடீரென நிறுத்தின் அழுத்தமும் துடிப்பும் முன்னிலும் மேலேறும்.