ப்ளஸ் ஒன் பரீட்சை போச்சு, பாடம் இருக்கா?

பரீட்சை நல்லதா கெட்டதான்னு இன்னைக்கு பட்டிமன்றம் நடத்தப் போறதில்லை. ஒரே ஒரு பரீட்சையோட கதையைச் சொல்றேன்: வந்த வேகத்துல போன ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு.

முன்னாடி பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும்தான் பொதுத்தேர்வு. நடுவுல இருந்த ப்ளஸ் ஒன்னை பல தனியார் பள்ளிகள் கண்டுக்கவே இல்லை. ப்ளஸ் டூ புத்தகத்தையே ரெண்டு வருஷம் உருப்போட வச்சாங்க. மார்க் குவிஞ்சது. ஆனா இன்ஜினியரிங் போனா முதல் வருஷக் கணக்கு புரியல. நீட் எழுதினா அதுல பதினொன்றாம் வகுப்புப் பாடமும் சேர்த்தி. அதனால 2017-18 கல்வியாண்டுல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதுவரைக்கும் 1200 மார்க், அப்புறம் 600.

காரணம் நியாயமானதுதான். ரெண்டு வருஷ மார்க்கையும் சேர்த்து காலேஜ் அட்மிஷனுக்கு எடுத்துக்குவோம்னும் சொன்னாங்க. ஆனா 2018 செப்டம்பர்ல, ப்ளஸ் டூ மார்க் மட்டும் போதும்னு மாத்திட்டாங்க. அந்தப் பரீட்சைக்கு அன்னைக்கே பல்லு போச்சு. மிச்சம் இருந்தது பயம்: அடுத்தடுத்து மூணு வருஷம் மூணு பொதுத்தேர்வு. 2025 ஆகஸ்ட்ல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்போ, அந்தக் கல்வியாண்டுலேருந்தே ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாதுன்னு முடிவாச்சு.

சிட்டியில இருக்கிற நமக்கு இது பெரிய நிம்மதி. எனக்கும்தான். இப்ப அப்படியே ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்துக்கு வாங்க. மன்னார் வளைகுடா ஓரம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அரசு உப்பு நிறுவனத்தோட உப்பளம். மார்ச்ல வெயில் ஏற ஏற உப்பு வேலை சூடு பிடிக்கும். பொதுத்தேர்வும் அதே மார்ச்லதான். அப்பா கடலுக்கும் அம்மா உப்பளத்துக்கும் போற ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. "பிள்ளைக்கு பப்ளிக் எக்ஸாம்"னு சொன்னா அங்க ஒரு மரியாதை இருக்கு. வீட்டு வேலை கொஞ்சம் தள்ளிப் போகும். பாடம் எடுக்க வாத்தியார் இல்லைன்னா, ஸ்கூல்ல போய்க் கேட்கவும் அது ஒரு காரணம். சாதா முழு ஆண்டுத் தேர்வுக்கு அந்த வலு கிடையாது.

இன்னொண்ணு. பொதுத்தேர்வுல அண்ணா நகர்ப் பையனுக்கும் வாலிநோக்கத்துப் பொண்ணுக்கும் ஒரே வினாத்தாள். திருத்துறவருக்கு அது யாரோட பேப்பர்னே தெரியாது. ட்யூஷன் வசதி சமமில்லை, அது வேற கதை. அந்த மூணு மணி நேரத்துல பரீட்சை அதை சரி பண்ணிடாது. அன்னைக்குக் காய்ச்சல் வந்தாலும் அது காத்திருக்காது. ஆனா ஆளைப் பார்த்து மார்க் போடாத இடம் அந்தப் பொண்ணுக்கு வேற எத்தனை கிடைக்கும்?

ஆக, பரீட்சை போனதுல எனக்கு வருத்தமில்லை. பழைய குறுக்கு வழி திரும்ப வருமோன்னுதான் கவலை. உங்க வீட்டுல ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தா, அந்தப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒருதடவை வாங்கிப் புரட்டுங்க. நவம்பர்லயும் புதுப் புத்தக வாசம் அடிச்சா, ஸ்கூலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.