நோகாத நெறி

இலங்கையில் களனி கங்கை பாயும் கரவனெல்லையைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில், முள் தைத்தோ அட்டைக் கடியைச் சொறிந்தோ காலைப் புண்ணாக்கிக்கொண்ட ஒருவருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டினால், எவரும் அதனைப் பெரிதுபடுத்துவதில்லை. அது நியாயமுமாகும், ஏனெனில் காலிலிருந்து மேலேறும் நிணநீரை வடித்துக் கிருமிகளைத் தடுக்கும் கணுக்கள் அங்கே உள்ளன. புண் ஆறியபின் சில வாரங்களில் வீக்கமும் தணிந்துவிடும். சரீரத்தில் ஏறக்குறைய 600 என மதிக்கப்படும் இக்கணுக்களுக்குத் தனித்தனிப் பிரதேசங்கள் உண்டாதலால், அனுபவமிக்க வைத்தியர் வீக்கத்தைத் தொட்டுப் பார்ப்பதோடு நில்லாது, பிள்ளையின் பிடரியில் நெறியிருந்தால் தலையில் பேனையும் சிரங்கையும், தாடைக்கடியில் இருந்தால் சொத்தைப் பல்லையும் தேடுவார். காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிற்றுண்ணி கடித்த கரும்பொருக்கு ஒளிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். கண்டுகொண்டால், அவ்வுண்ணி பரப்பும் அக்காய்ச்சல் டொக்சிசைக்கிளின் மருந்துக்கு அடங்கும்.

அஞ்சவேண்டியது நோகாத நெறிக்கே. வலிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மாதக்கணக்கில் அலட்சியம் செய்யப்படும் கழுத்துக் கணுக்கள், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, பின் உடைந்து சீழ் வடிந்தால், அது பெரும்பாலும் நம் முன்னோர் கண்டமாலை என்றழைத்த காசநோயே. இங்கிலாந்தில் அரசரின் கரம் பட்டால் அது தீருமென நம்பி, பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜோன்சனை 1712இல் குழந்தையாக ஆன் ராணியிடம் கொண்டு சென்றார்கள், தழும்புதான் மிஞ்சியது. 1882இல் ஜெர்மானிய விஞ்ஞானி ரொபேட் கொக் காசநோய்க் கிருமியைக் கண்டார். இன்று ஆறு மாத மாத்திரைகளால் பெரும்பாலும் குணமாகிறது.

கல்லாய் இறுகி அசையாதிருக்கும் கணுவோ வேறு ரகம், அது புற்றுநோயாக இருக்கலாம். களைப்புத் தெரியாதிருக்க நாளெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் மென்ற வாயில், கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய்க் காரணமே என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறுதியிட்டுவிட்டது. காறை எலும்புக்கு மேல் தோன்றும் கணுவோ, சிறிதாயினும், மார்பிலோ வயிற்றிலோ மறைந்திருக்கும் நோயைக் குறிக்கக்கூடும்.

சந்தேகமுள்ள கணுவில் ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சியோ, கணுவையே முழுமையாக எடுத்தோ பரிசோதிப்பார்கள். அதற்கு முன்பாகக் கடையில் வாங்கிய ஸ்டீரொயிட் மாத்திரையை விழுங்கினால் வீக்கம் வற்றிவிடும். நிணநீர்ப் புற்றுநோயாயின் அதன் அடையாளமும் உடன் மங்கிவிடும். கரவனெல்ல ஆதார வைத்தியசாலையில் கட்டணமில்லை. ஆனால் அங்கே போகும் நாளில் வேலைப் பதிவில் பேர் விழாது என்பதால், நோகாத கட்டிக்காக ஒரு நாட்சம்பளத்தை இழக்கத் தோட்டத்துத் தாய்மார் எளிதில் துணிவதில்லை.