ஆகாயப் பிரயாணமும் உறையும் ரத்தமும்

நெடுந்தூர விமானப் பிரயாணத்தின்போது காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறைந்து துன்புற்றவர்களும், அதனால் மாண்டவர்களின் குடும்பத்தாரும் விமானக் கம்பெனிகள்மீது தொடுத்த வழக்கில், நஷ்டஈடு கோர இடமில்லை என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2005 டிசம்பரில் தீர்ப்பளித்தது; ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமும் அதே ஆண்டில் அவ்வாறே முடிவு செய்திருந்தது. 1929-ஆம் ஆண்டு வார்சா உடன்படிக்கையின்படி, பிரயாணியின் சரீரத்துக்கு நேர்ந்த தீங்கு ஒரு விபத்தினால் விளைந்ததாயிருந்தால் மட்டுமே கம்பெனி பொறுப்பாகும். வழக்கம்போல் புறப்பட்டு வழக்கம்போல் இறங்கிய விமானத்தில் ஒருவர் உடலுக்குள்ளேயே நிகழ்ந்த விகாரம் விபத்தாகாது. இந்தியா 2009-இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கையும் இவ்விஷயத்தில் அதே நிபந்தனையையே விதிக்கிறது. ஆகவே, ரத்தம் எளிதில் உறையும் இயல்புடையவர் தமது ரட்சையை விமானம் ஏறுமுன்பே தேடிக்கொள்ள வேண்டியவராகிறார்.

ரத்த ஓட்டம் மந்தப்படுதல், நாளத்தின் சுவர் பழுதுபடுதல், ரத்தத்துக்கே உறையும் சுபாவம் மிகுதல் என்ற மூன்று காரணங்களையும் ஜெர்மானிய வைத்திய மேதை ருடால்ஃப் விர்க்கோவின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மருத்துவ உலகின் வழக்கம். நடக்கும்போது துருத்தியைப்போல் சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும் கெண்டைக்கால் தசை, குறுகிய ஆசனத்தில் முடங்கிக் கிடக்கையில் ஓய்ந்துவிடுகிறது. தேங்கிய ரத்தம் கட்டியாகி, அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தில் இந்த அபாயம் இரண்டு மூன்று மடங்காவதாகவும், ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கு இது நேரக்கூடுமென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் அறிவித்தது. (இரவு முழுதும் பஸ்ஸில் உட்கார்ந்து செல்வோருக்கும் இது பொருந்தும்.) முன்பு உறைவு கண்டவர், ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்னும் பரம்பரைக் கோளாறுடையவர், புற்றுநோயாளி, அண்மையில் சஸ்திர சிகிச்சை பெற்றவர், கர்ப்பிணி, கருத்தடை மாத்திரை உட்கொள்பவர் ஆகியோருக்கு அபாயம் இன்னும் அதிகம். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா செல்லும் நம் வயோதிகத் தாய்மார்கள், பக்கத்து ஆசனத்தாரை எழுப்பக் கூசி, கழிப்பறைக்குப் போக நேருமென்று தண்ணீரும் குடியாமல் வருவதைப் பார்க்கையில், இந்தச் சங்கோசம் அனாவசியமானது என்றே சொல்லத் தோன்றுகிறது.

புறப்படச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைக் காண வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்பவர், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொண்டு, தேசத்துக்குத் தேசம் நேரம் மாறுகையில் மாத்திரையை எந்த வேளையில் போடுவதென்பதையும் கேட்டுக்கொள்வது நலம். உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி தேவைப்படுவோர் அதை வைத்தியரின் கடிதத்தோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கால்களை இறுக்கும் மருத்துவக் காலுறை பயன் தருவதே. ஆனால் அளவு தவறினால் தீங்கு, தமனி நோயுள்ளவர் வைத்தியர் சொல்லாமல் அணியலாகாது. பிரயாணத்துக்கென்றே ஆஸ்பிரின் விழுங்கும் பழக்கத்தை வைத்தியர்கள் சிபாரிசு செய்வதில்லை. மதுவும் தூக்க மாத்திரையும் ஆகாயத்தில் ஆகாதவை.

உரிமை என்று பார்த்தால், கேட்பதே முதல் உரிமை. டிக்கெட் வாங்கும்போதே நோயைத் தெரிவித்து, நடைவழியை ஒட்டிய ஆசனத்தை எழுத்து மூலம் கோரி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சிகரெட் புகையினின்றும் விலக்கி வேறு ஆசனம் தருமாறு ஓர் ஆஸ்துமா நோயாளியின் மனைவி மன்றாடியும் பணிப்பெண் மறுக்க, அந்நோயாளி விமானத்திலேயே மாண்டுபோன வழக்கில், அந்த மறுப்பும் விபத்தில் அடங்குமென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2004-இல் கூறியது. எல்லா நாட்டு நியாயஸ்தலங்களும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் கேட்டதற்கும் மறுத்ததற்கும் சாட்சியில்லாதவர் எங்குமே வெல்லமாட்டார். மேற்சொன்ன உடன்படிக்கைகளின்படி வழக்கை இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். காப்பீடு எடுப்பவர் முன்னிருந்த நோயை மறைத்தால், ஆபத்து வேளையில் கைக்காசுதான் செலவாகும்.

இறங்கியவுடன் அபாயம் தீர்வதில்லை. சில வாரங்கள் வரையிலும் அது தொடர்கிறது. அந்நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறி மார்பு நொந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, வேறெதைச் சொல்லுமுன்னும் விமானத்தில் வந்த செய்தியைச் சொல்லுங்கள்.